செப்புக் காசில் செந்தமிழ் எங்கே?

கடல் கடந்து வென்ற சோழர் புகழைக் கேட்டுக் களிக்கிறோம், மார்தட்டி மகிழ்கிறோம். அந்த வெற்றியாளர் ஈழத்தில் விட்டுச்சென்ற செப்புக் காசைக் கையிலெடுத்து, அதில் எவர் எழுத்து இருக்கிறது என்று பார்த்தோமா?

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தை ஆண்டவன் ஐந்தாம் மகிந்தன். கருவூலம் வறண்டது. ஊதியம் பெறாத கேரளக் கூலிப்படையினர் வில்லேந்தி அரண்மனையை வளைத்தனர். மன்னன் சுரங்க வழியே உரோகணத்துக்கு ஓடினான் என்கிறது சூளவம்சம். அவனை வீழ்த்தியது தெய்வத்தின் சினமா? இல்லை, காசில்லாக் கொடுமை! 993-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படை அங்கே இறங்கிற்று. 1017-இல் இராசேந்திரன் படை மகிந்தனைச் சிறைப்பிடித்தது. 1029-இல் சோழநாட்டுச் சிறையிலேயே அவன் மடிந்தான்.

மன்னார்க் கரையின் மாதோட்டத் துறைமுகம் இராசராசபுரம் ஆயிற்று. அங்கே தாழிகுமரன் என்னும் சோழ அலுவலன் இராசராசேசுவரம் எழுப்பினான். ஈழத்துச் சிற்றூர்களின் வருவாய் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டது. உழுதவன் ஈழத்தில், உண்டவன் தஞ்சையில்!

அந்த ஆட்சியின் காசு ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள செப்புத் துண்டு. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அருகே மன்னன் பெயர். எந்த எழுத்தில்? நாகரி எழுத்தில்! துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனுக்கும் அது புரியாது. வயலில் வியர்வை சிந்திய சிங்களவனுக்கும் புரியாது. தாழிகுமரன் கோயிலுக்குக் கொடை எழுதிய கல்லிலோ தமிழ் இருக்கிறது. கணக்கு எழுதத் தமிழ். பெருமை பொறிக்க நாகரி!

தமிழுக்கு எழுத்துப் பஞ்சமா? சங்ககாலப் பாண்டியன் காசில் ‘பெருவழுதி’ என்றும், சேரன் காசில் ‘மாக்கோதை’ என்றும் தமிழ் எழுத்து மின்னுகிறது. நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்களைப் பாருங்கள். ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் கல் பொறித்தனர். மாடு காத்தோர் கல்லில் வாழ்ந்த தமிழுக்கு மாமன்னன் காசில் இடமில்லை!

1070-இல் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆயினும் அவனும், பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் அதே வடிவில், அதே நாகரியில் காசு அடித்தனர். பகைவன் கொடியை இறக்கியவர்கள், அவன் காசின் எழுத்தை இறக்கவில்லை. அதிகாரம் பழக்கிய பழக்கம் அதிகாரம் போன பின்னும் நிற்கும். பின்னாளில் யாழ்ப்பாண மன்னர்கள்தாம் காளை பொறித்த செப்புக் காசில் ‘சேது’ என்று தமிழில் எழுதினர். அவர்கள் பட்டமோ ஆரியச்சக்கரவர்த்தி! பட்டத்தில் ஆரியம், காசில் தமிழ்.

தோழர்களே, இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். நாகரி இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் இருக்கிறதா? ஆயிரம் ஆண்டு போயும் கேள்வி மாறவில்லை. இராசராசன் ஆண்டபோது அதைக் கேட்க நாம் இல்லை. இன்று இருக்கிறோம்!