காட்டுக் குளவியும் கொக்கோத் தோட்டமும்

மந்திரம் என்றால் பலிக்கும் என்று நம்புவதும், மருந்து என்றால் நன்மையே செய்யும் என்று நம்புவதும் தம்முள் வேறுபாடுடையன அல்ல. இரண்டிலும் ஆராய்ச்சி இல்லை. விஞ்ஞானத்தின் பெயரால் வந்ததாயினும், ஒன்றை ஆராயாது ஏற்பது பகுத்தறிவாகாது. இதற்கு வட போர்னியோவில் நிகழ்ந்த வரலாறு ஒன்று சான்றாக நிற்கின்றது. 1963-ஆம் ஆண்டு முதல் சபா என்னும் பெயரால் மலேசியாவோடு இணைந்து விளங்கும் நாடே அது.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பால் முல்லர் 1939-இல் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948-இல் நோபெல் பரிசும் பெற்றார். யுத்தத்திற்குப் பின் அம்மருந்தும் அதன் இனத்தனவும் உலகெங்கும் பரவின. பூச்சியினம் ஒழிந்தே போகும் என்று பலரும் எண்ணினர்.

1950-களில் வட போர்னியோவின் தாவாவ் வட்டாரத்தில் காட்டைத் திருத்திக் கொக்கோ பயிரிடலாயினர். சுற்றிலும் பெருங்காடு, இடையே இளஞ்செடிகள். காட்டுப் பூச்சிகள் சில செடிகளை நாடி வந்தன. 1959 முதல் டி.டி.டி., டீல்ட்ரின் முதலிய நஞ்சுகளைத் தெளித்தனர். பூச்சி குறைந்ததா? இல்லை; தெளிக்கத் தெளிக்கப் பெருகிற்று. கிளை துளைப்பனவும், இலை தின்பனவும், பைப்புழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1961-க்குள் மரங்கள் பெருஞ்சேதம் அடைந்தன.

அக்காலத்தில் ஆங்குப் பூச்சியியல் அதிகாரியாய் வந்த இளைஞர் கார்டன் கான்வே, பிறர் கேளாத வினாவைக் கேட்டார்: பக்கத்துக் காட்டில் இப்பூச்சிகள் ஏன் இவ்வாறு பெருகவில்லை? அங்கே அவற்றுக்குப் பகைவர் உளர். தோட்டத்திலோ அப்பகைவரை நாமே கொன்றுவிட்டோம் என்பது அவர் கண்ட விடை. பொதுவாகத் தெளிப்பதை நிறுத்தச் செய்தார். காட்டிலிருந்து ஒட்டுண்ணிகள் மீண்டும் வந்தன. புழுக்கள் பல விரைவில் அடங்கின. அடங்காத பைப்புழுவுக்கு மட்டும் தேர்ந்தெடுத்த மருந்தொன்றை அளவாய்ப் பயன்படுத்தினர். பின்னர் அதுவும் தணிந்தது.

அப்பகைவருள் முதன்மையானவை ஒட்டுண்ணிக் குளவிகள். அவற்றுட் பல நெல்மணியினும் சிறியன. புழுவின் உடலிலே முட்டையிடும். குஞ்சு அப்புழுவைத் தின்றே வளரும். நஞ்சு இவற்றை முதலில் தாக்குவதற்குக் காரணம் தெளிவானது. புழு கிளைக்குள்ளும் பைக்குள்ளும் மறைந்து வாழ்கின்றது. குளவியோ இரைதேடி இலைமேல் ஓயாது நடக்கின்றது. ஆகவே புழுவைக் கொல்லப் போதாத எச்சமும் குளவிக்கு எமனாகின்றது.

கொல்லாத அளவும் கேடற்றதன்று. குளவி தன் துணையையும் இரையையும் பெரிதும் மணத்தால் அறிகின்றது. 2017-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், ஈக்களின் கூட்டில் முட்டையிடும் ஒரு குளவியினத்திற்கு இமிடாக்ளோபிரிட் என்னும் மருந்தைச் சாகா அளவில் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். குளவி உயிரோடிருந்தது, ஆயினும் புணர்ச்சி குன்றிற்று, இரையின் மணத்தை அறியும் திறனும் மங்கிற்று. இரையைக் காணமாட்டாத குளவி இருந்தும் இல்லாததே அன்றோ? காட்டிலே இறந்த குளவியையாவது எண்ணலாம். வழி மறந்த குளவியை எண்ணுவார் யார்?

மலாயாவின் செம்பனைத் தோட்டங்களிலும் பைப்புழு இவ்வாறே பெருகியதுண்டு. தோட்டங்களில் நஞ்சுக் கலத்தை முதுகிலே சுமந்தவர்களுள் நம் பெண்மக்கள் பலர். வேண்டாத தெளிப்பு ஒவ்வொன்றும் குளவிக்குக் கேடு, பயிருக்குக் கேடு, அவர்தம் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. இலாபம் யாருக்கு என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க.

மருந்தே கூடாது என்பது நம் கருத்தன்று. கான்வேயும் அவ்வாறு கூறவில்லை. வேண்டிய இடத்தில் வேண்டியதை மட்டும் கொண்டார். தெளிக்குமுன் எண்ணுக, தெளித்தபின் கணக்கிடுக என்பதே அவ்வரலாறு தரும் பாடம். எத்தனை பூச்சி இறந்தது என்பதோடு அக்கணக்கு முடிவதன்று. பூச்சியைக் கொல்வது எது உயிரோடிருக்கிறது என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.