பொறாமை என்ற தீர்ப்பு: கோராகும் கொன்சாலோ பெர்னாண்டசும்

கலகக்காரனைப் பொறாமைக்காரன் என்று சொல்லிவிட்டால் அவன் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். யூத மறைமரபு கோராகின் கதையில் இந்தச் சுலப வழியைப் பிடித்ததாகவே பலரும் வாசிக்கின்றனர். அது பாதி வாசிப்புதான் என்பது என் வாதம். மதுரையில் தொடங்கிச் சேலம், நாமக்கல் சமவெளி வரை நீளும் பதினேழாம் நூற்றாண்டு வழக்கொன்று அதை விளங்கிக்கொள்ள உதவும்.

எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தில் மோசேயையும் ஆரோனையும் எதிர்க்கும் கோராகு அந்நியன் அல்லன். மோசேயின் சிற்றப்பன் மகன், திருப்பணிப் பொருள்களைச் சுமக்கும் லேவியன். அவனும் அவனோடு நின்ற 250 தலைவர்களும் கேட்டது இதுதான்: சபை முழுவதும் பரிசுத்தமானதென்றால் நீங்கள் இருவர் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள்? அந்த அதிகாரத்தில் பொறாமை என்ற பேச்சே இல்லை. அதைச் சொல்வது 106-ஆம் சங்கீதம். 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி, மித்ராஷ் என்ற பழைய மறைவிளக்க மரபைப் பின்பற்றிக் காரணமும் காட்டுகிறார்: கோராகு பிறந்த கோகாத்தியர் கிளையின் தலைமை கடைசிச் சிற்றப்பன் ஊசியேலின் மகன் எலிசாப்பானுக்குப் போய்விட்டது. நம் ஊரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். ஆனால் கலகத்தில் சேர்ந்த ரூபன் கோத்திரத்துத் தாத்தான், அபிராம் ஆகியோரின் குறை வேறு; வாக்களித்த வயலும் திராட்சைத் தோட்டமும் எங்கே என்பது அவர்கள் வழக்கு. அதையும் காய்ச்சல் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

கலகக்காரர்கள் தண்டனையாக மாண்டபின் நடப்பதைத்தான் உரைகாரர்கள் விரைந்து கடக்கிறார்கள். மாண்டவர்களின் தூபகலசங்கள் எறியப்படவில்லை. தகடாக அடிக்கப்பட்டுப் பலிபீடத்தையே மூடின. கோராகின் மக்களும் சாகவில்லை என்கிறது 26-ஆம் அதிகாரம். சங்கீதங்கள் பல அவர்கள் பெயரில் உள்ளன.

இனி மதுரை. இத்தாலியப் பிரபு குலத்து ராபர்ட் தெ நொபிலி 1606-இல் அங்கு வந்தபோது, போர்த்துக்கீசியரான கொன்சாலோ பெர்னாண்டஸ் ஏற்கெனவே பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியிருந்தார். இருவரும் ஒரே சேசு சபையினர். முன்னாள் படைவீரரான பெர்னாண்டசின் மந்தை பெரும்பாலும் பரதவர். நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, தனி வீடும் தனிக் கோயிலும் அமைத்து, உயர்சாதியாரை ஈர்த்தார். 1610-இல் பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். விவகாரம் 1619-இல் கோவா மாநாட்டுக்கும், பிறகு உரோமைக்கும் போனது. 31 ஜனவரி 1623 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார். அதே ஆண்டு நொபிலி வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கரின் வரவேற்பைப் பெற்று, சேலம் சென்றார். ஆட்சியிழந்து அங்கிருந்த திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

வென்றவரின் வரலாற்றில் பெர்னாண்டசுக்குக் கிடைத்த இடம் பொறாமைப்பட்ட மூத்தவர் என்பதே. பொறாமை இருந்திருக்கலாம், பின்னால் வந்த இளையவர் பெயர் வாங்கினால் எந்த மடத்திலும் முகம் சுளிப்பவர் இருப்பார். ஆனால் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு இரண்டு கோயில் ஏன் என்ற கேள்வி அந்தச் சுளிப்பால் செல்லாததாகிவிடுமா? 1616-இல் பிராமண வழக்கங்கள் குறித்து அவர் விரிவான நூலே எழுதினார். நொபிலி குலவழக்கம் என்றவை உண்மையில் சமயச் சடங்குகளே என நிறுவுவது அதன் நோக்கம். புகைச்சல் மட்டுமே உள்ளவர் அவ்வளவு உழைக்கமாட்டார்.

உரோமையின் தீர்ப்பும் இந்தக் கேள்வியை அறிந்திருந்தது. நொபிலிக்குச் சாதகமான அதே ஆணை, குலப்பெருமை கொண்டோர் எளியவரை இகழக்கூடாது, குறிப்பாகக் கோயிலில் இகழக்கூடாது என்று மன்றாடுகிறது. எதிர்ப்பாளரின் தகடு பீடத்தில் ஏறிய இடம் இது. மன்றாட்டுக்கு அப்பால் அது போகவில்லை. ஒடுக்கப்பட்டோரிடையே பணி செய்யப் பண்டாரசாமிகள் என்ற குருமார் வகை 1640-இல் பல்தசார் தா கோஸ்தாவோடு தொடங்கியது. அதனால் பலர் திருச்சபைக்குள் வந்தனர். ஆனால் கோயில் இரண்டானது ஏன் என்ற புகாருக்குக் குருமாரையும் இரண்டாக்கியது எப்படிப் பதிலாகும் என்பதை நொபிலியின் ஆதரவாளர்கள்தாம் விளக்கவேண்டும்.