பழனிமலை நிலக்காட்சி ஒளிப்படக்கலை

பழனிமலைத் தொடரில், குறிப்பாகப் பெருமாள்மலை, செண்பகனூர், கொடைக்கானல் வட்டாரத்தில், மலைக்காட்சிகளைப் படம்பிடிப்பதையும் அப்படங்களைப் பின்னர் திருத்தி மெருகேற்றுவதையும் இத்தலைப்பு குறிக்கும். கொடைக்கானலுக்குச் சுமார் 12 கி.மீ. முன்னால், பழனிச் சாலை பிரியும் இடத்தருகே கூம்பாக எழுவது பெருமாள்மலை. அதன் உயரத்தைச் சில குறிப்புகள் 2,230 மீட்டரை ஒட்டியும் வேறு சில 2,400 மீட்டர் அளவிலும் தருகின்றன. கொடைக்கானலுக்குக் கிழக்கே இருப்பதால் விடியலில் அது கரிய நிழலுருவாகத் தெரியும். மாலை வெயில் சாயும்போது அதே சரிவில் மடிப்புகளும் மரங்களும் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

1821இல் லெப்டினன்ட் வார்டு பழனிமலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தென்னிந்திய மலைப்படங்களில் பெரும் பங்கு நீலகிரிக்கே போயிற்று. சாமுவேல் போர்ன் அங்கே படமெடுத்தார், ஏ.டி.டபிள்யூ. பென் ஊட்டியிலேயே தங்கித் தொழில் நடத்தினார்.

படத்தைத் திருத்தும் கலைக்கு இப்பகுதிக்கு மிக அருகில் கிடைக்கும் பழைய சான்று, மலையடிவாரச் சமவெளியில் வேலை செய்த கேப்டன் லின்னேயஸ் டிரைப்புடையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான அவர், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் காட்சிகளைத் தொகுதிகளாக வெளியிட்டார். பழனிமலை அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தும், அதற்கென அவர் தனித்தொகுதி வெளியிடவில்லை. அவர் பயன்படுத்திய மெழுகுத்தாள் நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றுக்கொள்ளும். கோபுரத்தின் கல் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால் வானம் முழுவதும் வெளிறி, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் நெகட்டிவின் பின்புறத்தில் மெல்லிய வண்ணத்தைத் தூரிகையால் பூசினார். பூசிய இடத்தில் ஒளி குறைவாகப் புகும். அச்சில் அந்த இடம் வெளுக்கும். இப்படி மேகங்களை உண்டாக்கினார், மரத்தழைகளைத் தெளிவித்தார். வானத்துக்கெனத் தனி நெகட்டிவ் எடுத்து இணைத்து அச்சிட்ட பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே ஏறத்தாழ இதே ஆண்டுகளில் இயங்கியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை டிரைப் 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டிய நீள்படம் சுமார் 19 அடி. கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு பொருந்தும்படி எடுத்த அந்தப் பொறுமை இன்றும் வியக்க வைக்கிறது. 1860இல் அவருடைய பதவி முடிவுக்கு வந்தது.

கொடைக்கானலில் ஒளிப்படம் ஒழுங்காகத் தொடர்ந்து எடுக்கப்பட்ட இடம் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம். 1904 முதல் கண்ணாடித் தகடுகளில் சூரியனைப் பதிவு செய்துவந்தது. அத்தகடுகள் இப்போது எண்மமாக்கப்பட்டுள்ளன. மலையைத் தரையிலிருந்து காட்டிய நூல்களுள், இயேசு சபையினரான ஆங்கிலேடும் நியூட்டனும் 1928இல் எழுதிய பழனிமலைக் கற்திட்டைகள் பற்றிய தொல்லியல் துறை நூல் குறிப்பிடத்தக்கது.

பச்சை, சிவப்பு ஒளியையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவியபின் சிவப்பு ஃபில்டர் மலைப்படக்காரரின் கையிருப்பாயிற்று. அது நீல வானத்தை இருளாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும். தொலைமலையின் நீலப் புகைமூட்டத்தையும் ஓரளவு அறுக்கும். ஆனால் கொடைக்கானலின் மலையோர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் கீழிருந்து ஏறிவரும் மூடுபனியை எந்த ஃபில்டரும் விலக்காது. அங்கே வெயில் முதுகில் விழ, எதிரே பனி திரையாக நிற்கும் சில நேரங்களில் பார்ப்பவரின் நிழலே வண்ண வளையத்துடன் அதில் விழும்.



அண்மைக்காலத்தில் மலைப்படம் சான்றாகவும் பயன்படுகிறது. இயன் லாக்வுட் பழனிமலையைக் கறுப்பு வெள்ளையில் பல்லாண்டுகள் பதிவு செய்தவர். அவரும் ஓர் ஆசிரியராக இருந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, மலையுச்சிப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டதைக் காட்டியது. அவ்விடங்களைப் பிடித்தவை பெரும்பாலும் வாட்டில், பைன், தைலமரத் தோட்டங்களும் விவசாயமும். பசுமையாகத் தெரியும் ஒரு படம் இயற்கையான சோலைக்காட்டையும் காட்டலாம், தோட்டத்தையும் காட்டலாம். வண்ணச்செறிவைக் கூட்டித் திருத்தும்போது இரண்டின் பச்சையும் ஒன்றாகிவிடுவது சிறிய குறையல்ல.

லைட்ரூம் மென்பொருளில் 2015இல் சேர்ந்த பனிமூட்டம் நீக்கும் வசதி, ஃபில்டரின் வேலையைக் கணினிக்கு மாற்றியது. 2018இல் குறிஞ்சி பூத்தபோது படங்கள் கைபேசிகளிலும் எடுக்கப்பட்டன. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது.