காரும் பாட்டும் ஒரு கோர்வையும்

காஞ்சிபுரம் போயிருப்பீர்கள். பட்டுச்சேலை வாங்கியிருப்பீர்கள். தென்னேரி போயிருக்கிறீர்களா?

வாலாஜாபாத் பக்கம். பேரிலேயே ஏரி இருக்கிற ஊர். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை சட்டென்று தெரியாது, அவ்வளவு பெரிய ஏரி. அங்கே என் நண்பனின் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். எனக்கும் பெரியப்பாதான். தறியில் உட்கார்ந்து நெய்தவர், பிறகு சேலை வியாபாரத்துக்கு வந்தார். 1994-ல் ஒரு மாருதி 800 வாங்கினார். வாங்கின வாரமே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு ஓட்டிப் போய் ஒரு கேசட் செட் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வண்டியில் ஒரே ஒரு கேசட்தான் திரும்பத் திரும்ப ஓடும். இளையராஜா இல்லை. பெரியம்மா பாடிய திருப்பாவை. ஏதோ ஒரு மார்கழியில் வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தது. நடுவே குக்கர் விசில்கூடக் கேட்கும். 2001-ல் பெரியம்மா போய்ச் சேர்ந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

2005-ல் ஒரு நாள், செட் அந்த டேப்பைத் தின்றுவிட்டது.

நல்ல வேளை, நண்பன் அதை முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி எம்.பி.3 ஆக்கி வைத்திருந்தான். கட்டைவிரல் சைஸ் பிளேயர் ஒன்றில் போட்டு, பெரியப்பா காதில் ஒயரை மாட்டினான். இரண்டே நிமிஷம். பிடுங்கிப் போட்டார்.

"காதுக்குள்ள பூந்து பாடற மாதிரி இருக்குடா. எனக்கு வண்டியிலதான் கேக்கணும்."

பாட்டு கையில் இருக்கிறது. ஸ்பீக்கர் காரில் இருக்கிறது. நடுவே இரண்டடி தூரம். அந்த இரண்டடியைத் தாண்ட உலகம் பட்ட பாடு இருக்கிறதே, அது ஒரு பெரிய கதை.

காருக்குள் ரேடியோவை வெற்றிகரமாக விற்க ஆரம்பித்தது 1930-ல், அமெரிக்காவில், கால்வின் சகோதரர்கள். வைத்த பெயர் மோட்டோரோலா. ஆனால் ரேடியோவில் அவன் போடுவதைத்தான் நாம் கேட்க வேண்டும். நமக்குப் பிடித்ததை நாமே போட்டுக்கொள்ள? கிரைஸ்லர் கம்பெனி 1956 மாடல் கார்களில் ஓர் இசைத்தட்டு மெஷினையே டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்திப் பார்த்தது. மேடு பள்ளத்தில் ஊசி நிற்குமா? சில வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனியின் லூ ஓட்டன்ஸ் குழு கேசட்டைக் கொண்டுவந்தது. குலுக்கலைத் தாங்கும், சட்டைப் பையில் அடங்கும். வீட்டில் பதிவு செய்த அதே கேசட்டைக் காரிலும் போடலாம். பிரச்னை தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1979-ல் சோனி வாக்மேன் வந்தபோதும் பாதகமில்லை, கேசட்டை எடுத்து இங்கேயும் அங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். 1984-ல் கையடக்க சி.டி. பிளேயர், 2001 அக்டோபரில் ஐபாட் என்று வரிசையாக வந்தபோதுதான் சிக்கல். காரில் இருக்கும் ஓட்டையில் இவை எதுவும் நுழையாது!

நான் பி.காம். படித்தவன். எனக்கு இதை டெப்ரிசியேஷன் கணக்கில் சொன்னால்தான் புரியும். வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விடாத தொழில் உபயோகக் காருக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம். கம்ப்யூட்டருக்கு ஒரு காலத்தில் 60, இப்போது 40 சதவிகிதம். 100 ரூபாய்க்கு வாங்கிய கார், ஐந்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் 44 ரூபாய். கம்ப்யூட்டர்? 8 ரூபாய்கூட இல்லை. பாட்டுப் பெட்டிகளும் கம்ப்யூட்டர் ஜாதிதான். கார் மெதுவாகக் கிழவனாகிறது, பாட்டுப் பெட்டி நாலு வருஷத்தில் செத்து மறுபிறவி எடுக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

முதல் வழியை நண்பன் ரிச்சி தெருவில் வாங்கி வந்தான். பார்த்தால் கேசட். உள்ளே டேப் கிடையாது. வாலில் ஓர் ஒயர்.

சங்கதி இதுதான். கேசட் செட்டில் 'ஹெட்' என்று ஒரு சின்ன காந்த உறுப்பு இருக்கும். டேப்பில் பதிந்த காந்த அலைகளைப் படிப்பது அதன் வேலை. இந்தப் போலி கேசட்டிலும் ஒரு ஹெட் இருக்கிறது. பிளேயரிலிருந்து ஒயர் வழியாக வரும் பாட்டை அது காந்த அலையாக மாற்றி, எதிரே உள்ள ஹெட்டுக்கு ஊட்டிவிடுகிறது. அதுவோ, டேப்தான் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டு படிக்கிறது! சக்கரம் சுற்றாவிட்டால் செட் நின்றுவிடுமே? அதற்காக உள்ளே நாலைந்து பல்சக்கரங்கள், சும்மா சுற்றுவதற்கு.

பெரியப்பா சந்தேகமாகப் பார்த்தார். "உள்ள போறது கேசட்டுதானே? அப்ப சரி." பழைய ஸ்பீக்கரில் பெரியம்மா குரல் வந்தது. குக்கர் விசிலும்.

2007-ல் செட்டே மக்கர் செய்தது. கேசட் பக்கம் அவுட், ரேடியோ மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டாவது வழி: எஃப்.எம். மாடுலேட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால் காருக்குள்ளேயே ஒரு குட்டி வானொலி நிலையம். காலியாக இருக்கும் அலைவரிசையில் ரேடியோவை வைத்தால் நம் பாட்டு.

சட்டம்? ரேடியோ வைத்துக்கொள்ளவே ஒரு காலத்தில் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிய தேசம் இது. பீகாரில் மன்சூர்பூர் கிராமத்தில் ஓர் இளைஞர் சொற்ப செலவில் நடத்திய எஃப்.எம். நிலையத்தை 2006-ல் மூடினார்கள், லைசென்ஸ் இல்லை என்று. பிரிட்டனிலேயே இந்தக் கார் மாடுலேட்டர்களுக்கு அனுமதி கிடைத்தது 2006 டிசம்பரில்தான். அதுவும் 50 நானோவாட்டுக்குள்.

நம் பெரியப்பாவுக்கு வந்தது வேறு தொல்லை. தென்னேரியில் மாடுலேட்டர் ஜோராகப் பாடியது. சேலை மூட்டையோடு கிளம்பி, சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் கரகர. பூந்தமல்லி வந்தால் பெரியம்மா காலி, விளம்பரம் அலறும். காரணம் உண்டு. இந்தியாவிலேயே முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. ரொம்ப காலம் அந்த அலைவரிசை காலி மைதானம். 2003-ல் சூரியன், மிர்ச்சி வந்தன. அதற்கடுத்த சில வருஷங்களில் ரேடியோ சிட்டி, பிக், ஹலோ என்று வரிசை கட்டின. எஃப்.எம்முக்கு ஒரு குணம். ஒரே இடத்தில் இரண்டு பேர் பேசினால் கலந்து தராது, பலசாலியை மட்டும் தரும். நானோவாட் பெரியம்மா என்ன செய்வார்?

2010-ல் பழைய செட்டைக் கழற்றிவிட்டு ஆக்ஸ் ஓட்டை வைத்த செட்டை மாட்டினார்கள். அதுதான் மூன்றாவது வழி, மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டை. அதன் தாத்தா 19-ம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள் செருகிச் செருகி எடுத்த பிளக். புத்தியே இல்லாத ஓட்டை. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஒயரைச் செருகினால் பாடும். ஒரு குறை உண்டு. அதே காரில் சார்ஜும் போட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ஊய்ய்ய்' என்று கூடவே ஒரு சத்தம். காரின் ஆல்டர்னேட்டர் பாட்டு அது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும்.

புத்தியுள்ள ஓட்டை என்ன ஆயிற்று தெரியுமா? 2004-ல் ஆப்பிளும் பி.எம்.டபிள்யூவும் கைகோத்து, ஐபாடுக்கென்றே காரில் தனி இணைப்பு கொடுத்தார்கள். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. 2012-ல் ஆப்பிள் தன் பிளக்கை மாற்றியது. அவ்வளவுதான், விலை உயர்ந்த கார்களில் விலை உயர்ந்த அநாதை ஒயர்கள்.

2014-ஐ மட்டும் தனியாகப் பாருங்கள். ஜனவரியில் மாருதி 800 உற்பத்தி நின்றது. மே மாதம் அம்பாசடர். செப்டம்பரில் ஐபாட் கிளாசிக். நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. 2006-லிருந்து அங்கே போன் செய்தார்கள், அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார் செய்கிறார்கள். போனும் காரும் ஒரே சாலையில் பிறந்தன. ஒன்றோடொன்று பேசத்தான் இத்தனை பாடு.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தயாராகிறது. அதில் அந்த மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டையே கிடையாது, 2016-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது புளூடூத் காலம். பெரியப்பாவின் பேரன் வழி கண்டுபிடித்துவிட்டான். ஆக்ஸ் ஓட்டையில் செருகுகிற குட்டி புளூடூத் பெட்டி ஒன்று. புது போன், பழைய ஓட்டை, அதைவிடப் பழைய கார்.

போன மாதம் போயிருந்தேன். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை தடவை மாத்தினீங்களே பெரியப்பா, சலிக்கலையா?" என்றேன்.

"சேலைல ஒடம்பு வேற கலரு, கரை வேற கலரு. கோர்வை போட்டுத்தான் சேக்கறோம். கோர்வை சரியா இருந்தா சேலை கிழிஞ்சாலும் கரை பிரியாது. இதுல கோர்வை அடிக்கடி பிரியுது. மறுபடி போட்டுக்க வேண்டியதுதான்."

ஆனால் ஒன்று. 2005-க்கு முன்னால் நண்பன் அந்த டேப்பை எம்.பி.3 ஆக்கி வைக்காமல் இருந்திருந்தால், இத்தனை கோர்வையும் எதைச் சேர்த்திருக்கும்? உங்கள் வீட்டுப் பரணிலும் பெயர் எழுதாத கேசட் ஒன்று கிடக்கும். அப்பா பேசியதாக இருக்கலாம், பாட்டி தாலாட்டாக இருக்கலாம். டேப் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போட்டு ஏறிப் பாருங்களேன்.