முன்சீப் கோர்ட்டு முதல் பாரிமுனை வரை

மாத்தூரில் மனைத் தகராறு என்றால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? "சென்னைதானே, பாரிமுனையில் உள்ள கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட முடியாது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் இது. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். 2011இல் சென்னை மாநகராட்சி. 2018இல் சென்னை வருவாய் மாவட்டம். நீதிமன்ற எல்லை இவற்றின் பின்னால் தானாக நகர்ந்து வருவதில்லை. அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும். நில வழக்கை, நிலம் எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் போட வேண்டும். அதிலும் விசாரிக்க அதிகாரமுள்ள கோர்ட்டுகளில் கடைசிப் படியில் இருப்பதில்தான் தொடங்க வேண்டும்.

இந்த எல்லைக்கோடு பழையது. 1862 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியபோதே, பட்டணத்து வழக்குகளை முதல் நிலையிலேயே விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. புறநகருக்கும் கிராமங்களுக்கும் 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட முன்சீப், சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்ற படிகள். பட்டணத்துக்கென நகர உரிமையியல் நீதிமன்றச் சட்டம் 1892இல் வந்தது.

வடசென்னைத் தொழிலாளிக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தி அல்ல. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது பெரம்பூர் ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டது. 1920இல் முதல் நிலையிலேயே உயர் நீதிமன்றம் தடையாணை தந்தது. சங்கம் நடத்தியவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில்தான் கிடைத்தது.

இனி மேல்முறையீட்டுக்கு வருவோம். முன்சீப் தீர்ப்பில் தோற்றவர் சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மேல்முறையீடு செய்யலாம். அங்கே சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாவற்றையும் மறுபடி எடைபோடுவார்கள். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு அப்படியல்ல. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அதை ஏற்பார்கள். "சாட்சி பொய் சொன்னார்" என்று அங்கே போய் வாதாடுவது வீண். ஆகவே முதல் மேல்முறையீட்டை அலட்சியமாக நடத்தியவர்களுக்கு மேலே பெரும்பாலும் கதவு திறப்பதில்லை. மாத்தூர் மக்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

எல்லா விவகாரமும் இந்தப் படிகள் வழியாகப் போவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படிந்தபோது விவகாரம் போனது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு. அதன் தீர்ப்பின் மீது சட்டம் தரும் மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. கெடு 90 நாள்.

மனை வழக்குக்குத் திரும்புவோம். மாவட்ட அளவில் முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். தீர்ப்பின் நகல் பெறத் தேவைப்பட்ட நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று கெடுவைத் தவறவிட வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பு பாராமல் 1987ஆம் ஆண்டுச் சட்டம் இலவச சட்ட உதவி தருகிறது. மேல்முறையீட்டுக்கும் அது உண்டு.