நாடாளுமன்றச் சட்டப் பழம்பதிப்புகள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டங்களை அரச அச்சகர் அச்சிட்டு விற்ற தனித்தனி மடல்களும் அவற்றின் மறுபதிப்புகளும். 1849 வரை சட்டத்தின் மூலப்படி தோல்சுருளில் கையால் எழுதப்பட்டது. சேகரிப்பாளர் கைக்கு எட்டுவது அச்சுப்படியே. 18ஆம் நூற்றாண்டுப் படிகளில் அரச இலச்சினை தாங்கிய தலைப்புத்தாளும், தடித்த கோத்திக் எழுத்தும், லத்தீனில் மன்னரின் ஆட்சியாண்டும் இருக்கும். புதியவர்கள் ஏமாறும் இடம் பக்க எண். ஒரு கூட்டத்தொடரின் சட்டங்கள் முழுவதற்கும் எண் தொடர்ந்து ஓடுவதால், மார்க் பாஸ்கெட் லண்டனில் அச்சிட்ட 1765ஆம் ஆண்டு முத்திரைத்தாள் சட்டம் 279ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. முன்பக்கங்கள் கிழிந்துவிட்டன என்று அதை ஒதுக்குவது அறியாமை. அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த சட்டம் என்பதால் இதற்குத் தேவை மிகுதி. சாலை, நிலங்களுக்கு வேலியிடல் குறித்த சட்டங்கள் மலிவு. மறுபதிப்பா என அறிய, அச்சகர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.