1,063 பேரில் ஒருவருக்கும் வரவில்லை: ஹாங்காங் 2003 தரும் வரலாற்றுப் பாடம்



"இந்த மூலிகைச் சாற்றைக் குடி, நோய் எதிர்ப்புச் சக்தி கூடும்." தேர்வுக் காலம் நெருங்கினால் இந்தப் பேச்சு நம் காதில் விழாமல் போகாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன மருந்துக் கடை நமக்குப் புதிதல்ல. 1867-இல் சிங்கப்பூரில் தோங் சாய் மருத்துவ நிலையம் தொடங்கியது. 1879-இல் பேராக்கின் கோப்பெங்கில் ஒரு மருந்துக் கடை திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய யூ யான் சாங். ஆகவே இது நம் ஊரின் கதையும்தான்.

நோயாளிக்கு மருந்து கொடுத்தால், குணமானாரா இல்லையா என்று பார்க்கலாம். நலமாக இருப்பவருக்குக் கொடுத்தால்? அது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? வராத நோயை எப்படி எண்ணுவது? இதற்கு விடை தேட 2003-ஆம் ஆண்டின் ஹாங்காங்குக்குப் போவோம். அதற்கு முன், கொஞ்சம் பழைய கதை.

பழைய எண்ணம், புதிய சொல்

சீன மருத்துவத்தின் அடிப்படை நூல் 'மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவம்'. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட வருமுன் காப்பதே சிறந்த மருத்துவம் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. உடலில் ஓடும் உயிராற்றலுக்கு 'ச்சி' என்று பெயர். அதில் ஒரு பகுதி கோட்டைக் காவலரைப் போல உடலின் வெளிப்புறத்தைக் காக்கிறது. அது 'வெய் ச்சி'. காவல் தளர்ந்தால் 'காற்று' உள்ளே புகுந்து நோய் தரும் என்று நம்பினார்கள்.

இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 'யூ பிங் ஃபெங்' பொடி. காற்றைத் தடுக்கும் ஜேட் கல் திரை என்று பொருள். பல நூறு ஆண்டுப் பழமையான இந்த மருந்தில் மூன்றே பொருள்கள்: ஹுவாங் ச்சி எனும் அஸ்ட்ராகலஸ் வேர், பாய் ஜூ, ஃபாங் ஃபெங். கடைசி மூலிகையின் பெயருக்கே 'காற்றைத் தடுப்பது' என்றுதான் பொருள்.

இன்னொரு மருந்து 'சாங் ஜூ யின்'. 1798-இல் ஊ ஜூதோங் என்ற மருத்துவர் காய்ச்சல் நோய்களைப் பற்றி எழுதி முடித்த நூலில் இது இருக்கிறது. மல்பெரி இலை, செவ்வந்திப் பூ, நமக்கும் தெரிந்த அதிமதுரம் முதலியவை சேர்ந்த கஷாயம் இது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வைத்தியர்கள் யாரும் வெள்ளையணுக்களைப் பற்றிப் பேசவில்லை. வெய் ச்சியும் நோய் எதிர்ப்பாற்றலும் ஒன்றுதான் என்று சொல்வது பிற்காலத்தார் செய்த ஒப்பீடு. ஒப்பீடு பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அதுவே சான்று ஆகிவிடாது.

நோய் வந்த கதை

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் புதுவகை நுரையீரல் நோய் ஒன்று தலைகாட்டியது. பின்னாளில் அதற்கு சார்ஸ் என்று பெயர் வந்தது. 2003 பிப்ரவரியில் குவாங்சோ மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். வினிகரும் 'பான்லான்கென்' என்ற மூலிகை மருந்தும் விற்றுத் தீர்ந்தன, விலையும் எகிறியது.

அதே மாதம், நோய் தொற்றியிருந்த குவாங்டோங் மருத்துவர் ஒருவர் ஹாங்காங் விடுதி ஒன்றில் தங்கினார். அந்த விடுதியின் விருந்தினர் வழியாக நோய் சிங்கப்பூர், ஹனோய், டொரொன்டோ என்று பறந்தது. சிங்கப்பூரில் 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தனர். ஹாங்காங்கில் 1,755 பேர் பாதிக்கப்பட்டார்கள். 299 பேர் இறந்தார்கள். அந்த 1,755 பேரில் 386 பேர் மருத்துவப் பணியாளர்கள். நோயாளியைக் காப்பாற்றப் போனவர்களே படுக்கையில் விழுந்தார்கள்.

தடுப்பூசி கிடையாது, நிரூபிக்கப்பட்ட மருந்தும் கிடையாது. அந்த நிலையில் ஒரு தாதி என்ன செய்வார்? கையில் கிடைத்த எல்லாக் காவலையும் தேடுவார், இல்லையா?

முதல் பூஜ்யம்

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்சொன்ன இரண்டு பழைய மருந்துகளையும் அடிப்படையாக வைத்து ஒரு கலவை தயாரித்தார்கள். 11 மருத்துவமனைகளில், தாங்களே விரும்பி முன்வந்த 1,063 பணியாளர்கள் அதை இரண்டு வாரம் சாப்பிட்டார்கள். அதே மருத்துவமனைகளில் சாப்பிடாதவர்கள் 15,374 பேர்.

முடிவு? சாப்பிடாதவர்களில் 64 பேருக்கு சார்ஸ் வந்தது. சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. பக்க விளைவு சொன்னவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு, அதுவும் லேசானதுதான்.

படித்தவுடன் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க, முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,374 பேரில் 64 என்றால் ஏறத்தாழ 0.4 விழுக்காடு. அதே விகிதம் 1,063 பேருக்கும் பொருந்தியிருந்தால் 4 அல்லது 5 பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும். ஆக வேறுபாடு 64-க்கும் 0-க்கும் இடையில் இல்லை. 4-க்கும் 0-க்கும் இடையில்தான். இதைத் தற்செயல் என்று எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. தற்செயலாக இப்படி அமைவது நூற்றில் ஓரிரு தடவைதான் நடக்கும்.

அப்படியானால் மருந்துதான் காப்பாற்றியதா? இங்கேதான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் வருகின்றன. மருந்து சாப்பிட்டவர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களே முன்வந்தார்கள். தானாக முன்வந்து மருந்து வாங்குகிறவர் கையையும் கூடுதல் கவனத்தோடு கழுவுகிறவராக இருக்கலாம். மேலும், அந்தக் குழுவில் சேர வேண்டுமென்றால் ஒருவர் சேரும் நாள்வரை நோயில்லாமல் இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே நோய்வாய்ப்பட்டவர் அந்தக் குழுவில் இடம்பெறவே முடியாது.

இரண்டாவது பூஜ்யம்

அதே 2003-இல் ஹாங்காங்கின் ஐந்து மருத்துவமனைகளில் இன்னோர் ஆய்வு நடந்தது. சார்ஸ் நோயாளிகளை அருகிலிருந்து கவனித்த 254 பணியாளர்களிடம், என்ன பாதுகாப்பு எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். முகக்கவசம், கையுறை, மேலங்கி, கை கழுவுதல் ஆகிய நான்கையும் கடைப்பிடித்தவர்கள் 69 பேர். அவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. நோய் வந்த 13 பேரும் நான்கில் ஏதாவது ஒன்றையாவது விட்டவர்கள்.

இதுவும் பூஜ்யம்தான். இப்போ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நகரம், ஒரே நோய், ஒரே தொழில் செய்தவர்கள். மூலிகை சாப்பிட்டவர் முகக்கவசமும் அணிந்திருந்தால், அவரைக் காத்தது எது? முதல் ஆய்வின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இரத்தத்தில் தெரிந்த மாற்றம்

இதே மருந்துகளைக் கொண்டு இன்னொரு சிறிய சோதனையும் நடந்தது. முடிவு 2006-இல் வெளியானது. நலமாக இருந்த 37 பேர் 14 நாள் மருந்து சாப்பிட்டார்கள். முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புப் பணியை முடுக்கிவிடும் சிடி4 அணுக்களுக்கும், தொற்றிய அணுக்களை அழிக்கும் சிடி8 அணுக்களுக்கும் உள்ள விகிதம் சராசரியாக 1.31-லிருந்து 1.41-ஆக உயர்ந்தது.

மாற்றம் உண்மைதான். ஆனால் அதற்கு என்ன பொருள்? இரண்டு எண்களுமே நலமானவர்களிடம் வழக்கமாகக் காணும் அளவுக்குள் அடங்குபவை. மருந்து சாப்பிடாத ஒப்பீட்டுக் குழுவும் அங்கே இல்லை. முக்கியமாக, எதிர்ப்பாற்றல் என்பது கூடக் கூட நல்லது என்று சொல்லக்கூடிய ஒன்றல்ல. அது தராசு மாதிரி. அளவு மீறித் திசைமாறினால் உடல் தன்னையே தாக்கும்; முடக்குவாதம் போன்ற நோய்கள் அப்படித்தான் வருகின்றன. 'சக்தி கூடியது' என்பதும் 'நோய் குறைந்தது' என்பதும் வேறு வேறு செய்திகள்.

குலுக்கிப் பிரித்த ஆய்வு

இன்னும் வலுவான சான்று எப்படி இருக்கும்? அதற்குக் கனடாவைப் பாருங்கள். 1716-இல் லஃபித்தோ என்ற பாதிரியார் மொன்றியால் அருகே ஜின்செங் செடியைக் கண்டுபிடித்தார். பிறகு அந்த வேர் கப்பலேறிச் சீனாவுக்குப் போய், அங்குள்ள மருந்துப் பெட்டியிலும் இடம்பிடித்தது. அதே வட அமெரிக்க ஜின்செங்கின் சாற்றை வைத்து நடந்த கனடிய ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. 323 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஜின்செங்கும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் நான்கு மாதம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவருக்குச் சராசரியாக 0.93 தடவை சளி பிடித்தது. ஜின்செங் குழுவில் 0.68 தடவை.

இந்தப் பலன் சிறியது, ஆனால் நேர்மையாக அளக்கப்பட்டது. இங்கே எண்ணியது அணுக்களை அல்ல, நோயை. யாருக்கு எது என்று முடிவு செய்தது குலுக்கல். அவரவர் விருப்பம் அல்ல. அதற்காக ஜின்செங்கில் கண்ட பலனை ஹுவாங் ச்சிக்கும் பான்லான்கென்னுக்கும் சேர்த்து எழுதிவிடக் கூடாது. 'சீன மூலிகை' என்பது ஒரே மருந்து அல்ல; ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு நாம் வைத்த ஒரே பெயர்.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

மாணவர்களே, 'சீன மூலிகை நலமானவரின் எதிர்ப்பாற்றலைக் கூட்டுமா?' என்பது ஒற்றைக் கேள்வி மாதிரி தெரியும். உண்மையில் அது மூன்று கேள்வி. உடலில் ஏதாவது மாறியதா? அதனால் நோய் குறைந்ததா? குறைத்தது அந்த மருந்துதானா? 37 பேரின் ஆய்வு முதல் கேள்வியோடு நின்றது. 1,063 பேரின் ஆய்வு இரண்டாவதைத் தொட்டது, மூன்றாவதில் தடுமாறியது. கனடிய ஆய்வு ஒரே ஒரு மூலிகைக்கு மூன்றாவது கேள்விவரை போனது.

விவாதக் கட்டுரையில் 'பழமையானது, ஆகவே உண்மை' என்று எழுதாதீர்கள். 'பழமையானது, ஆகவே மூடநம்பிக்கை' என்றும் எழுதாதீர்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். அந்த 1,063 பேரும் ஏமாளிகள் இல்லை. பயம் சூழ்ந்த நேரத்தில் தங்களால் முடிந்ததைச் செய்த உழைப்பாளிகள். ஆபத்து மருந்து சாப்பிட்டதில் இல்லை. 'சாப்பிட்டாச்சு, இனிமேல் முகக்கவசம் எதுக்கு?' என்று ஒருவர் நினைத்திருந்தால், அந்த நினைப்பில்தான் இருந்திருக்கும்.

வகுப்பில் பேசிப் பார்க்க

1. இரண்டு பூஜ்யங்களில் எது வலுவான சான்று? இரண்டு காரணம் சொல்லுங்கள்.
2. 1,063 பேரின் ஆய்வை மறுபடி நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால், எதை மாற்றுவீர்கள்? கொள்ளைநோய் நேரத்தில் வெற்று மாத்திரை கொடுப்பது நியாயமா?
3. வீட்டில் உள்ள ஏதாவது ஒரு மூலிகைப் பொருளின் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் எதற்கு அது பதில் சொல்கிறது?